பிரான்சுக்குப் பழகியவள்

வைகாசி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கிணற்றடியில் உடுப்புத் தோய்த்த ஒருத்தியை எனக்குத் தெரியும். நல்லூரில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு மதில் ஒன்றுதான். அலுவலகத்தால் வந்து, அப்பாவின் படுக்கை விரிப்பை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்த நான் அந்தக் கோலத்தைக் கண்டு பதறிப்போனேன்.

"என்னடி, காய்ச்சலோ?"

"இல்லை அக்கா. பழகிறன்."

"என்னத்தைப் பழகிறாய்?"

"அங்கை மாரிக்கு உதைப் போட்டுக்கொண்டுதானாம் எல்லா வேலையும் செய்யோணும். கை மடங்க வேணாமே?"

முகமெல்லாம் வேர்த்து வடிகிறது. கண் மட்டும் சிரிக்கிறது. எனக்குப் பார்க்கவே களைத்தது. தலை குளிக்கக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இவள் என்னடா என்றால் இல்லாத குளிருக்கு வேர்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அங்கை என்றால் பிரான்ஸ். அவளுடைய புருஷன் அங்கே இருந்தார். கலியாணத்துக்கென்று வந்தவர், கோயில் குளம், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று இரண்டு கிழமையை ஓட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவளைக் கூப்பிடுகிற அலுவல் அதற்குப் பிறகு இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே கிடந்தது. ஒருமுறை வீடு சின்னனாம். இன்னொருமுறை சம்பளம் காணாதாம். "ஒபிஸ் வேலைக்காரனுக்கே சம்பளம் காணாதெண்டால் அந்த நாட்டிலை ஆருக்குத்தான் காணும்?" என்று நான் கேட்பேன். "அங்கத்தைச் சட்டம் அப்பிடி அக்கா" என்பாள். மாப்பிள்ளைக்கு ஒபிஸில் வேலை என்றுதான் கலியாணம் பேசி வந்தவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்கவில்லை.

காத்திருக்கிறவர்கள் பொதுவாகச் சோர்ந்து போவார்கள். இவள் பழகினாள். புருஷனுடைய வீடு ஆறாம் மாடி, லிஃப்ட் இல்லை என்று தெரிந்ததும், தான் கணக்குப் படிப்பிக்கிற ரியூசன் கட்டடத்தின் படிகளைப் பாடம் தொடங்க முன்னம் ஏறி இறங்கி, திரும்ப ஏறினாள். பெடியள் கீழே நின்று எண்ணிச் சிரித்தார்கள். வீட்டுக்குள் சப்பாத்துப் போட்டு நடந்தாள். புட்டை முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டாள். புட்டு அதில் நிற்குமா? தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் பாதி மடியில் விழும். எங்கள் வீட்டுப் பூனை மதிலில் ஏறினால் அதற்கும் பிரெஞ்சில் ஒரு வணக்கம். பூனை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடும்.

இதெல்லாம் பகிடி. பகிடியில்லாத பக்கமும் இருந்தது. கலியாணத்துக்கு வந்த தட்டு, கோப்பை, கறிச்சட்டி எல்லாம் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்க மாட்டாள். தாய் வைத்தால், "வைச்சிட்டு ஆர் தண்ணி ஊத்துறது?" என்பாள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் நியமனம் வந்தபோது அதையும் வேண்டாம் என்று விட்டாள்.

"விசரே உனக்கு?" என்று மதிலுக்கு மேலால் கத்தினேன். "நியமனம் என்ன மரத்திலையோ காய்க்குது?"

"இந்தா போகப் போறன் அக்கா. பிள்ளையளை இடையிலை விட்டிட்டுப் போக ஏலுமே?"

தாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. உள்ளே போய்விட்டா. அந்த மனுசியின் பேச்சு மகளிடம் எடுபடாமல் போய்க் கனகாலம்.

பிரெஞ்ச் டோஸ்ட்டும் பழக்கத்தில் ஒன்றாகத்தான் தொடங்கியது. எங்களுக்கு மத்தியானச் சோறு வேகிற நேரம் அங்கே காலை. அந்த நேரம் பார்த்துப் புருஷன் அவளுடைய கைபேசிக்கு ஒரு படம் அனுப்புவார். வெள்ளைத் தட்டு. அதில் தடித்த பாண் துண்டு இரண்டு, பொன்னிறமாய்ப் பொரிந்தது. மேலே அப்பிளோ வேறு பழமோ, சீனியில் வதங்கிப் பளபளவென்று. தட்டின் விளிம்பில் ஒரு சொட்டு இல்லை. ஒரு நாளைக்குப் பழம் மாறும், பாண் மாறாது. அவள் படத்தை எனக்கும் கொண்டுவந்து காட்டுவாள்.

"பாருங்கோ, இவர் காலமை சாப்பிடுறது. எவ்வளவு வடிவாச் செய்து சாப்பிடுறார்! நான் போய் இடியப்பம் அவிச்சுக் குடுத்தால் தின்பாரே?"

படத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவளுடைய தாய் சுத்த சைவம். முட்டையும் மீன் இறைச்சிபோல மச்சம்தான், வீட்டுக்குள் வரக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படியில்லை. ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்த அப்பாவுக்கு முட்டை குடுக்கச் சொல்லி வைத்தியர் சொன்னதிலிருந்து எங்கள் குசினியில் எந்த நாளும் முட்டை இருக்கும். அதனால் அவளுடைய பழக்கம் எங்கள் அடுப்பில் நடந்தது.

முதல் நாள் செய்ததை நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. பேக்கரியிலிருந்து சுடச்சுட வந்த பாணை முட்டைப் பாலில் போட்டாள், அது கரைந்து கூழாகிவிட்டது. சீனியைத் தாச்சியில் போட்டுக் கரண்டியால் கிளறோ கிளறென்று கிளறினாள், அது கட்டிபட்டுக் கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கரண்டியைச் சுரண்டி எடுக்க எனக்கு அரை நாள் போனது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் அடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.

பிறகு பிறகு பிடிபட்டது. பாண் முதல் நாளையதாய், சற்றே காய்ந்ததாய் இருக்க வேண்டும், விரல் மொத்தத்துக்கு வெட்ட வேண்டும். முட்டையும் பாலும் கறுவாத்தூளும் அடித்து, பாணை அதில் ஒரு பக்கம் ஊறவிட்டுப் பிரட்டி, பட்டரில் மெல்லிய நெருப்பில் பொரிக்க வேண்டும். சீனி உருகும்போது கரண்டி போடவே கூடாது, தாச்சியைத்தான் சரிக்க வேண்டும். தேன் நிறம் வந்த கையோடு பட்டர், ஒரு சிட்டிகை உப்பு, பிறகு நீளவாக்கில் பிளந்த கப்பல் வாழைப்பழம், வெட்டிய பக்கம் கீழே. கடைசியில் தேசிக்காய்ப் புளி ஒரு துளி. அப்பிள் விலைக்கு நாங்கள் எங்கே போவது? கதலி போட்டால் களியாகிறது, கப்பல்தான் உருவம் குலையாமல் நிற்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பானும் போடுவாள்.

செய்து முடித்துத் தட்டில் வைத்து, கைபேசியில் உள்ள படத்தோடு பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு அதைக் கொண்டுபோய் அப்பாவுக்குத் தீத்துவாள். பல்லும் இல்லாமல், விழுங்கவும் கஷ்டப்படுகிற மனுசனுக்கு அது தேவாமிர்தம். சனிக்கிழமை விடிந்தால், "முட்டைப் பாண் பிள்ளை வரேல்லையோ?" என்று கோணிய வாயால் என்னைக் கேட்பார். நான் செய்து குடுத்தால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிவிடுவார். எனக்கு ஆத்திரம் வரும். நாள் முழுக்கத் தூக்கிப் பிரட்டுகிறவள் நான், பேர் அவளுக்கு.

அவள் ஒரு துண்டும் வாயில் வைக்க மாட்டாள். "எனக்கென்னத்துக்கு, பழகத்தானே செய்தனான்" என்பாள். சீனிப்பாகில் விரல் தொட்டு நக்கக்கூட மாட்டாள். நல்லாய் வந்ததா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். எனக்கு அது விநோதமாகப் பட்டது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வருஷக்கணக்காய் ஒருத்தி இப்படி வாழ்க்கையைத் தொடாமல் ஓரமாய் நின்று எப்படித் தாக்குப்பிடிக்கிறாள்?

கோயில் கொடியேறின காலத்தில் அவள் புருஷன் வந்தார். ஆவணியில்தானே அங்கே லீவு கிடைக்கிறது. கூப்பிடுகிற அலுவல் ஒருவழியாய்ச் சரிவந்துவிட்டது, இன்னும் கொஞ்ச மாதத்தில் அவள் போகலாம் என்ற சேதியோடு வந்தார். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். வந்த மனுசன் நித்திரையோ நித்திரை. மாலையில் எழும்புவார், கோயிலுக்குப் போவார், வந்து படுத்துவிடுவார். "மருமோனுக்கு ஏதும் வருத்தமோ பிள்ளை? மூண்டு பேற்றை நித்திரையை ஒருத்தர் கொள்ளுறார்" என்று தாய் என்னிடம் வந்து கவலைப்பட்டா. எனக்கு அந்த நித்திரை விளங்கியது. நானும் ஒரு நாள் அப்படிப் படுக்க வேண்டுமென்று எவ்வளவு காலமாய் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மெலிந்த மனிதர், அதிகம் கதைக்க மாட்டார். கதிரை இருந்தாலும் நிற்பார். முன்னங்கைகளில் குறுக்குக் குறுக்காய்ப் பழைய சுட்ட தழும்புகள். கலியாணத்தின்போதே அவள் கண்டிருந்தாள். காரணம் கேட்கவில்லை. நாங்கள் கேட்பதில்லை. எங்கள் ஊரில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் உடம்பில் தழும்பு இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் ஒரு அனுமானம் உண்டு. அதைக் கிளறுவது மரியாதையில்லை. "பாவம், இயக்கத்திலை இருந்தாரோ, ஷெல் பட்டதோ, அவராச் சொல்லட்டும்" என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அவர் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் சொல்லாமல் விடுவது ஒன்றும் புதிதில்லையே.

திருவிழா முடியும்வரை அவளுடைய தாய் எங்கள் குசினியிலும் அவளை மச்சம் தொட விடமாட்டா. அவளுக்கோ பொறுக்கவில்லை. "ஒரே ஒரு காலமை அக்கா, உங்கடை குசினியிலை. நான் விரதம், தொட்டுட்டுத் தோய்ஞ்சிடுவன். அவருக்கு விரதமில்லை. வந்த நாள் தொடங்கிச் சோறும் பருப்பும் தின்னுறார், பாவமாக் கிடக்கு."

சனிக்கிழமை காலை வந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அப்படி அவளை நான் கண்டதேயில்லை. பாணை வெட்டினாள், முட்டைப் பாலை அடித்தாள். சீனியைத் தாச்சியில் போட்டு அடுப்பில் வைத்த நேரம் அவர் பின்கதவால் வந்தார்.

"என்ன செய்யிறீர்?"

"இருங்கோ. முடிய முன்னம் பாக்கக் கூடாது."

அவர் இருந்தார். பாணையும் முட்டையையும் தாச்சியையும் ஒரு பார்வை பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷம் வரவில்லை. வேலைக்குப் பிந்திப் போனவனின் முகம் போல ஒன்று வந்தது. அவள் கவனிக்கவில்லை, மாம்பழத்தை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் சீனி ஒரு கரையில் புகையத் தொடங்கிவிட்டது.

அவர் எழும்பினது எனக்குத் தெரியாது. தோளில் கிடந்த துவாயின் நுனியால் தாச்சியைப் பிடித்துத் தூக்கி, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினார். சீனி ஓடி ஒன்றாகி நிறம் நின்றது. மறு கையால் பட்டர். மாம்பழத்தை அவள் கையிலிருந்து வாங்கி, பார்க்காமலே வெட்டிப் போட்டார். ஊறின பாண் பக்கத்து அடுப்பில் விழுந்து பிரண்டது. ஒற்றைக் கையால் இன்னொரு முட்டை உடைந்தது. தட்டில் வைத்து, பழத்தை ஒழுங்காக அடுக்கி, துவாயின் நுனியால் தட்டின் விளிம்பைச் சுற்றித் துடைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, அங்கே நிற்காத யாரையோ தட்டை எடுக்கக் கூப்பிடுகிறவர்போலப் பிரெஞ்சில் ஒரு சொல் கத்தினார்.

தான் செய்ததை அப்போதுதான் கண்டவர்போல அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் தட்டைப் பார்த்தாள். படத்தில் இருந்த அதே தட்டு. பிறகு அவருடைய கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இது?"

"போறணைத் தட்டு. பாண் வேகவைச்சு எடுக்கேக்கை சுட்டது."

"எல்லாமோ?"

"எல்லாம்தான்."

"அப்ப ஒபிஸ்?"

"ஒபிஸ் ஒண்டும் இல்லை. அங்கை போன நாள் தொடக்கம் குசினிதான். கோப்பை கழுவித் தொடங்கினது. கலியாணம் பேசினவர் அப்பிடிச் சொன்னால்தான் சரிவரும் எண்டார். பிறகு சொல்லுவம் சொல்லுவம் எண்டு..."

"காலமை காலமை படம் அனுப்பினீங்களே?"

"அது சாப்பிட வாற சனத்துக்குச் செய்யிறது." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உமக்குக் காட்டுறதுக்கு என்னட்டை வேறை என்ன வடிவாய் இருந்தது?"

"நீங்கள் சாப்பிடுறேல்லையோ?"

"எனக்கு உந்த மணமே ஏலாது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போனேன். கட்டில் கரையில் இருந்து, வழக்கம்போலக் கரண்டியால் வெட்டித் தீத்தினாள். அப்பா மெதுவாய்ச் சுவைத்து விழுங்கினார். அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"நல்லாக் கிடக்கு. இது ஆர் செய்தது?"

"ஏன் ஐயா?"

"உன்ரை இல்லை." வாயைத் துடைக்கச் சொல்லி முகத்தை நீட்டினார். "எனக்கு உன்ரைதான் வேணும்."

அப்போதுதான் அவள் அழுதாள். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அப்பாவின் போர்வையில் முகத்தை வைத்து அழுதாள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நல்ல கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டு கிடந்தார். கதவடியில் அவளுடைய புருஷன் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் கேட்டாள்: "வேலையாலை வந்து என்ன சாப்பிடுறனீங்கள்?"

"பாணும் வாழைப்பழமும்."

"செய்தோ?"

"சும்மா. அடுப்புக்குக் கிட்டப் போக மனம் வராது."

லீவு முடிந்து அவர் திரும்பிப் போகிற நாள் வந்தது. "நீர் வராட்டில் நான் குறை சொல்ல மாட்டன்" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் விடவில்லை. எனக்குக் கோபம். அவளைவிட எனக்குத்தான் கோபம். மதிலடியில் பிடித்து வைத்துச் சொன்னேன். "போகாதை. பொய் சொல்லித்தானே கட்டினவன்? இனியும் காலம் இருக்கு, ஏதாவது ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடு. அங்கை போய் என்ன செய்யப் போறாய்? களைச்சு வாறவனுக்குச் சோறு காய்ச்சப் போறியோ? அதுக்கோ இவ்வளவு வருசம்?"

"பொய்தான் அக்கா. எனக்கும் நெஞ்சு கொதிக்குது. இரவிலை எழும்பி இருந்து அந்தாளைத் திட்டுறன்." உலர்ந்த துணிகளைக் கொடியால் எடுத்துத் தோளில் போட்டபடி கதைத்தாள். "ஆனா நான் இவ்வளவு நாளும் ஒரு படத்தோடை இருந்திட்டன். அண்டைக்கு உங்கடை குசினியிலைதான் மனிசனைக் கண்டனான். கண்டவுடனை எப்பிடி விடுறது?"

"இரக்கப்பட்டுப் போறியோ?"

"தெரியேல்லை அக்கா. போய்த்தான் பாக்கோணும். சண்டை பிடிக்கிறதெண்டாலும் கிட்ட நிண்டு பிடிக்கோணும்."

மாசி பிறக்க முன்னம் அவள் போய்விட்டாள். அப்பா கொஞ்ச நாள் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு நான் செய்து குடுப்பதைச் சாப்பிடத் தொடங்கினார், குறை சொல்லிக்கொண்டுதான்.

போய்க் கனநாள் அவளிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. நான் அழைப்பு எடுத்தாலும் மறுமொழி வராது. போன கிழமை, நான் அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டு நாரி நோவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் இருந்தபோது, அவளாகவே எடுத்தாள். ஒரு பேக்கரியில் வேலையாம். விடிய முன்னம் எழும்பிப் போகிறதாம். ஆறு மாடியும் ஏறி இப்போதுதான் வந்து இருக்கிறாளாம். மூச்சு வாங்கியது.

"அவர் எங்கை?"

"வேலையாலை வந்து கிடக்கிறார். நேற்று நல்லாச் சண்டை பிடிச்சனாங்கள். இண்டைக்குக் கதைக்கிறம்."

"நீ எப்பிடி இருக்கிறாய்?"

கதிரை இழுபடுகிற சத்தமும் சப்பாத்துக் கழற்றி விழுகிற சத்தமும் கேட்டன.

"களைச்சுப் போனன் அக்கா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏனோ எனக்கு நிம்மதியாக இருந்தது. "நானும்தான்" என்றேன்.